சொல்லு, சொலோ

பரீட்சை எழுதுவதென்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாற்பது குழந்தைகள் முன்னால் நின்று பாடம் நடத்தச் சொன்னால்தான் எல்லாம் மறந்துபோகும். 1996இல், கல்கத்தா பவானிபூரில் ஒரு பெங்காலிப் பள்ளிக்கூடத்தில், பி.எட்.டின் கடைசித் தேர்வு அப்படிப் பாடம் நடத்திக் காட்டுவதுதான். தேறாவிட்டால் இன்னொரு வருஷம் கிடையாது, கல்யாணம்தான் என்று அம்மா சொல்லியாயிற்று. எனக்கோ டீச்சராகாமல் உயிர் வாழ இஷ்டமில்லை.

பின் பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர், மார்க் போட வந்த எக்ஸ்டர்னல் அம்மாள். மற்றவள் கீதாஞ்சலி, கரக்பூர் ரயில்வே காலனித் தமிழ்ப் பெண். பயிற்சி மாணவிகள் எப்படி ஆசிரியை ஆகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு வருஷமாக என் பாடங்களையெல்லாம் டேப்பில் பதிந்து வைத்திருந்தாள். என்னைவிடப் பெரியவளென்பதால், பெங்காலியில் அக்காவைக் குறிக்கும் 'தி' சேர்த்து, கீதாஞ்சலிதி என்று கூப்பிடுவேன். அவளுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: வேடிக்கை பார்க்கலாம், தலையிடக் கூடாது. தலையிட்டால் அந்த மாணவியின் பதிவு முழுவதும் ஆராய்ச்சியிலிருந்து தள்ளுபடி.

பூஜை லீவுக்கு முந்தைய நாள், கடைசி பீரியட். குழந்தைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு மணியடிக்கக் காத்திருந்தார்கள். மழை எப்படிப் பெய்கிறது என்று பெங்காலியில் கேட்டேன். நாற்பது தலையும் வாசல் பக்கமே திரும்பியிருந்தன. எக்ஸ்டர்னல் பேனாவின் மூடியைக் கழற்றினார். பெங்காலி பறந்து போய் வீட்டுத் தமிழ் வந்து நின்றது.

"சொல்லு, சொல்லு!" என்று கத்தினேன்.

எங்கள் பாலக்காட்டு வீட்டில் அதை அழுத்தி 'ச்சொல்லு' என்போம். பெங்காலியில் 'ச்சொலோ' என்றால் 'வா, போகலாம்'. நாற்பது குழந்தைகளும் ஓவென்று கூவிக்கொண்டு எழுந்து ஓடிவிட்டார்கள். கேட்டருகே காவல் நிற்கும் தர்வான் மட்டும் இல்லாவிட்டால் காளிகாட் வரை போயிருப்பார்கள்.

காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு சாக்பீஸும் கையுமாக நின்றேன். எக்ஸ்டர்னல் எழுதுவது தெரிந்தது. "வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை" என்று வாய்விட்டே சொன்னார்.

கீதாஞ்சலிதி டேப்பைப் பின்னால் ஓட்டினாள். எழுந்து போய் எக்ஸ்டர்னலின் முன்னால் வைத்து, அந்த இரண்டு வார்த்தைகளைப் போட்டுக் காட்டினாள். இன்னொரு தரம் போட்டாள். தமிழில் அதற்கு என்ன அர்த்தம், குழந்தைகள் காதில் என்ன விழுந்தது என்று நிதானமாகப் பெங்காலியில் விளக்கினாள்.

எக்ஸ்டர்னல் முதலில் முறைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. "அப்படியானால் நாற்பது பேரும் இவள் சொன்னதைத்தானே கேட்டிருக்கிறார்கள்!" என்றவர், எழுதியதை அடித்துவிட்டு, குழந்தைகளைக் கூப்பிடச் சொன்னார்.

மறுபடி நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன். தேறினேன்.

வெளியே வந்ததும்தான் எனக்கு உறைத்தது. "ஐயோ, உங்க டேப்பெல்லாம் என்னாகும்?"

"போச்சு. ஒரு வருஷத்து வேலை," என்றாள் கீதாஞ்சலிதி. "அதை விடு. நீ பாஸாயிட்டயோன்னோ? வா, ஒரு கப் சா குடிக்கலாம்."

அவள் ஆராய்ச்சி தமிழில் அச்சாகி வந்தபோது நான் பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் டீச்சர். ஒரு பிரதி எனக்கும் அனுப்பியிருந்தாள். முதல் பக்கத்திலிருந்து தேடினேன். என் பாடம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: 'ஆய்வாளர் தேர்வில் தலையிட்டதால் ஒரு மாணவி நீக்கப்பட்டார். இது ஆய்வாளரின் தவறு.'

அடுத்த பீரியடுக்குத் திருத்த வேண்டிய நோட்டுகள் மேஜையில் கிடந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'தவறு' என்பதை அடித்துவிட்டு, மேலே 'தயவு' என்று எழுதினேன்.