மஞ்சள் ஏறாத முகம்

என் படத்தில் எழுத்து தெரியக் கூடாது. தெரிந்தால் ஜனங்கள் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் ஃபிளக்ஸ் துண்டில் எழுத்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்து ஒட்டிவிடுவேன். உருவம் இருந்தால் நிமிர்த்தி ஒட்டி, மேலே மணலும் சாயமும் தடவி, அது யார், என்ன என்று தெரியாமல் பண்ணிவிடுவேன்.

டிராயிங் டீச்சர் வேலையை உதறிவிட்டு, கோவிலம்பாக்கத்தில் ஏகநாதன் ஐயா வீட்டு மொட்டைமாடி ஷெட்டை வாடகைக்கு எடுத்து இதைத்தான் செய்கிறேன். இடித்த வீட்டுக் கதவு ஒன்று, மறைமலை நகர் கம்பெனியில் கழித்துப் போட்ட கேஸ்கெட்டுகள், தண்ணீர் லாரியின் கிழிந்த ஹோஸ், தயாளனின் ஃபிளக்ஸ் அச்சுக் கடையில் வீணாய்ப் போன பேனர். தெருவில் எனக்குக் குப்பைக்காரி ஹில்டா என்று பெயர். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த வாரம் தயாளன் கொடுத்த பேனர் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "மஞ்ச இங்க் அடைச்சிகிச்சு மேடம். மூஞ்சியெல்லாம் ஊதாவா வந்துட்ச்சு. வேற அடிச்சிக் குடுத்துட்டேன், இத்த நீங்க எடுத்துக்கோங்க," என்றான். வீணான பேனரை வேறு யாரும் கட்டிவிடக் கூடாது என்று அவன் எப்போதும் பட்டை பட்டையாகக் கீறித்தான் கொடுப்பான். மஞ்சள் ஏறாத மனிதத் தோலுக்கு ஒரு நிறம் வருகிறது. ரத்தம் நின்றுபோன நிறம். விட மனசு வரவில்லை. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கதவு நிறைய ஒட்டினேன்.

ஞாயிறு காலையில் ஏகநாதன் ஐயா மாடியேறி வந்தார். வெள்ளை வேட்டி, வலது மணிக்கட்டில் வாட்ச். அவருக்கு வாட்ச் எப்போதும் வலது கையில்தான்.

"இன்னா டீச்சர், இன்னும் குப்பைய ஒட்டிகினு கீறியா? பத்து மணிக்கு நானும் உதயாவும் கோவளம் போறோம். அவன் பிரெண்டு படகு வச்சிகீறானாம், கடலுக்குள்ள இட்டுகினு போறானாம். எனக்குத் தண்ணின்னாலே ஆவாது. புள்ள ஆசையா கூப்புட்றான், எப்டி வரலன்றது?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏரிக்கரையில் மிச்சமிருக்கும் ஒரே நிலத்தை பில்டருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி உதயா நச்சரித்து, ஐயா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி, அப்பனும் மகனும் பொங்கலுக்குக்கூடப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது திடீரென்று படகு சவாரி. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நினைத்தேன். ஆனால் வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்காரர் குடும்பத்தில் மூக்கை நுழைக்கலாமா?

அவர் படத்தருகே போய்க் குனிந்தார்.

"டீச்சர்! இது என் கை! பாரு, வாட்ச்சு!"

சாயத்துக்கு அடியில் கூப்பிய இரண்டு ஊதாக் கைகள் இருந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வர்ற மாசம் எனக்கு அறுவது. திருட்டுப் பய, எனக்குத் தெரியாம பொறந்தநாளு பேனர் அடிக்கிறான்! இப்பவே ஆரம்பிச்சிட்டான் பாரு. நீ ஒண்ணும் சொல்லிடாதே. தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்."

பாவம், அவ்வளவு சந்தோஷத்தோடு படியிறங்கிப் போனார்.

அவருக்கு ஒரு பரிசு கொடுக்கலாம் என்று தோன்றியது. அந்த முகத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டும் வைத்து ஒரு சின்னப் படம் செய்யலாம். ஃபெவிகால் ஃபிளக்ஸில் அவ்வளவு சீக்கிரம் காயாது. பட்டைகளை உரித்து, மணலையும் சாயத்தையும் துடைத்து, தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காது, கண், மீசை என்று ஐயா ஊதாவாகச் சிரித்தார். பிறகு கவிழ்த்து ஒட்டியிருந்த எழுத்துத் துண்டுகளையும் உரித்துத் திருப்பினேன்.

'தோற்றம்' என்று இருந்தது. கீழே அவர் பிறந்த தேதி. பிறந்தநாள் பேனரில் தோற்றம் என்று யாரும் போடுவதில்லை. அடுத்த துண்டில் 'மறைவு' என்று இருந்தது. அதன் கீழே இருந்தது இன்றைய தேதி.

அதற்கும் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட உதயா, கை கூப்பிக்கொண்டு, 'கண்ணீருடன் உங்கள் பாதையில் நடக்கும் ஒரே மகன்' என்று நின்றிருந்தான்.

நாய்க்குட்டி வாங்கினால்கூட பேனர் வைக்கிறவன் அவன். அவன் பெரியப்பா செத்தபோது எதிர்க்கட்சிக்காரனின் அஞ்சலி பேனர் முந்திக்கொண்டது. உதயாவின் பேனர் வந்து சேர்ந்தது பிணம் எடுத்த பிறகுதான். கவுன்சிலர் சீட்டுக்கு அலைகிறவனுக்கு அது சாவைவிடப் பெரிய அவமானம். அதை அவன் மறக்கவேயில்லை.

அந்த இரண்டு துண்டுகளையும் போனையும் எடுத்துக்கொண்டு படியில் ஓடினேன். "தயாளா, அந்த ஊதா பேனரை ஆர்டர் கொடுத்தது யாரு?"

"உதயா அண்ணன்தான் மேடம். ஞாயித்துக்கெழம முகூர்த்தம், மெஷினு காலியா இருக்காதுன்னு வியாழக்கெழமயே அடிச்சி வாங்கிகினாரு. பென் டிரைவ்ல டிசைனு வந்துச்சு, நான் படிச்சிக்கூடப் பாக்காம அடிச்சேன். யாரு செத்தாங்கன்னு அவரப் போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?"

கேட்டில் கார் நின்றது. ஐயா முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கர்த்தரே என்று ஓடிப்போய் ஜன்னல் வழியாக இரண்டு துண்டுகளையும் அவர் மடியில் போட்டேன்.

"ஐயா, படிங்க."

"இன்னாத்துக்கு டீச்சர் இத்த எடுத்தாந்தே? அவனுக்குத் தெரிஞ்சிடப் போவுது," என்று கண்ணடித்துக்கொண்டே குனிந்தவர் படித்தார். மெதுவாகத்தான் படிப்பார். முதல் துண்டைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். வாட்ச்சைத் திருப்பி அதில் இருந்த தேதியைப் பார்த்தார்.

ஸ்டியரிங்கில் இருந்த உதயாவும் அதைப் பார்த்துவிட்டான். 'எவனோ விளையாடியிருக்கான்' என்றோ, 'கடைக்காரன் தப்பு' என்றோ சொல்வான் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பொய் சொன்னால்கூட நம்பிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. அவன் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான்.

"இன்னிக்கு வேணாம்பா," என்றான். "இன்னொரு நாளு போலாம்."

ஐயா பெல்ட்டைக் கழற்றினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. துடைக்காமல் மகனின் தோளில் கை வைத்தார்.

"இன்னொரு நாளுன்னா, தேதிய மாத்தி மறுபடி அடிக்கணுமேடா," என்றார். "ஒரு அப்பனுக்கு எத்தினி பேனர்டா அடிப்பே?"