காலையில் மட்டும் வரும் சத்தம்

“வண்டி ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா…”

“தெரியலைன்னா என்ன? அதான் நான் இருக்கேனே.”

கல்யாணமான புதிதில் அந்த வேனில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தபோது அவளும் அவள் கணவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவர் ஆசையாகத்தான் சொன்னார். அதனாலேயே ‘ஆனா’வுக்குப் பிறகு வரவேண்டியதை அவள் விழுங்கிவிட்டாள். மகள் பிறந்து, வளர்ந்து, வெளியூருக்குப் படிக்கப் போன பிறகும் அது தொண்டையிலேயே நின்றது. கேட்டால் அவர்மேல் நம்பிக்கை இல்லாதது போல ஆகிவிடுமோ என்று ஒரு தயக்கம். தயக்கம் போன நாட்களில் வேலை வந்து குறுக்கே நிற்கும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. வீட்டின் முன்னறையில் இரண்டு பெரிய வாஷிங் மெஷின்கள், பின்னறையில் இஸ்திரி மேசை. ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் எடுத்துவந்து, துவைத்து, தேய்த்து, மடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். மூட்டை தூக்க இருந்த ஆள் நின்றுவிட்டதால் வேன் போகும் காலை நடைக்கு இப்போது அவளே கூடப் போகிறாள். மாலையில் அவர் தனியாகப் போவார். அவளுக்கு அந்நேரம் இஸ்திரிப் பெட்டியை விட்டு நகர முடியாது.

சத்தம் ஆரம்பித்தது அண்மையில்தான். பல்லுக்கிடையில் மணல் அகப்பட்டது போல ஒரு கரகரப்பு. காலையில் மட்டும் வரும். மாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் வராது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அந்த வேனுக்குப் ‘பெரியம்மா’ என்று பெயர் வைத்திருந்தான். அவர் எத்தனை தடவை கொண்டுபோய் விட்டாலும் பட்டறையில் பெரியம்மா வாயே திறக்கவில்லை. “என்னைக் கண்டா மட்டும் நல்லவங்களாயிடறாங்க” என்று சிரித்தான். ஆனால் அவர் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தபோது அவன் சிரிப்பு போய்விட்டது. உள்ளே பேரிங் தேய்ந்திருக்கலாம், இன்ஜினை இறக்கிப் பிரித்தால் ஆகும் செலவுக்கு வேறு வண்டியே வாங்கலாம் என்று இழுத்து இழுத்துச் சொன்னான்.

வேறு வண்டி வாங்க வழியில்லை. வண்டி இல்லாமல் ஓட்டல் துணி இல்லை. தூர ஊர்களுக்கு லாரி ஓட்டும் வேலை இருப்பதாக அவருடைய பெரியப்பா மகன் சொல்லியிருந்தார். மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடியும். அதை அவர் அவளிடம் சொன்னபோது இருவரும் ஒரு பெரிய விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, நடுவில் வந்து சேர்ந்து, மறுபடி விலகி. நாளைக்கு அந்த முனையை யார் பிடிப்பார்கள் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

வேனை விற்றுவிடுவதென்று முடிவாகி, பழைய வண்டி வாங்குகிறவர் மதியம் வருவதாக இருந்த அன்று காலை, கடைசி நடைக்காக மூட்டைகளை ஏற்றிவிட்டு அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவர் ஸ்டார்ட் செய்யப் போகும் நேரத்தில் மெக்கானிக் தானாகவே வந்து நின்றான். பெரியம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தானாம். அவள் கணவருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அப்புறம் பட்டறைக்கே கொண்டுவருவதாகச் சொல்லி அவனை அனுப்பப் பார்த்தார்.

“வீடு தேடி வந்தவனைத் துரத்துறீங்களே அண்ணே. அண்ணி, நீங்களாவது கேளுங்க.”

“ஸ்டார்ட் பண்ணுங்களேன். பாத்துட்டுத்தான் போகட்டும்” என்றாள் அவள்.

வேறு வழியில்லாமல் சாவியைத் திருப்பினார். கரகரப்பு வந்தது. மெக்கானிக்கின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே தரையில் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். வெளிச்சம் போதவில்லை என்று டார்ச் பிடிக்க அவரைக் கூப்பிட்டான். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதிக்க ஆள் வேண்டும் என்றதும், அவள் நகர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

இத்தனை வருடத்தில் முதல் தடவை. ஸ்டியரிங் அவள் நினைத்ததைவிட மெலிதாக, கை பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தது. காலை மெதுவாக அழுத்தினாள். இன்ஜின் உறுமியது. கரகரப்பு இல்லை.

“என்ன அண்ணி, கரகரப்பைக் காணோமே?”

“மிதிச்சுட்டுத்தான் இருக்கேன். சத்தம்தான் போயிடுச்சு.”

அவள் பழைய இடத்துக்கு நகர்ந்தாள். கரகரப்பு வந்தது. திரும்ப டிரைவர் சீட்டுக்கு வந்தாள். நின்றது. இன்னொரு முறையும் போய் வந்து பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

“காலையும் இல்ல, குளிரும் இல்ல. நான் அங்க உக்காந்தாத்தான் வருது. காலையிலதானே நான் கூட வரேன்.”

அந்த வேனில் இன்ஜின் இருப்பதே முன் சீட்டுகளுக்கு அடியில்தான். இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு மெக்கானிக் அவள் வழக்கமாக உட்காரும் சீட்டைத் தூக்கப் போனான். “அதுல ஒண்ணும் இல்லப்பா” என்று அவள் கணவர் கையை நீட்டினார். அதற்குள் தூக்கியாகிவிட்டது.

உள்ளே ஒரு பலகை இருந்தது. ஓட்டல்காரர்கள் கழித்துவிட்ட விரிப்பை நாலைந்தாக மடித்து, பலகையைச் சுற்றிக் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒரு முனை இன்ஜின் பக்கம் இறங்கியிருந்தது. மேலே ஆள் உட்கார்ந்தால் அந்த முனை ஃபேன் பெல்ட்டில் உரசும். உரசிய இடம் கரியாகக் கறுத்திருந்தது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூட்டை தூக்க அவள் கூட வந்த முதல் நாள், நடை முடிந்து இறங்கும்போது சீட்டு சுடுகிறது என்று அவள் சொன்னாளாம். இன்ஜின் சூடு அவளுக்கு ஏறாமலிருக்க அன்று மாலையே அவர் செய்துவைத்தாராம். அவளுக்குச் சொன்னதே நினைவில்லை. அப்புறம் சீட்டு சுடவில்லை என்பதுகூட இப்போதுதான் உறைத்தது.

“பட்டறைக்கு வந்தப்போ இதைக் காணோமே அண்ணே?”

“எடுத்து வீட்ல வெச்சுட்டு வருவேன். பாத்தா நீ சும்மா விடுவியா? ஓரம் கறுத்தது இன்ஜின் சூட்டாலன்னு நினைச்சேன்.”

“நல்லா இருக்கு கதை. நோயை வீட்ல வெச்சுட்டு நோயாளியை மட்டும் கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. புடவைத் தலைப்பால் இரண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

இன்ஜினுக்குப் பக்கத்தில் துணியை வைத்ததற்கு, தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெக்கானிக் நன்றாகவே திட்டினான். பேரிங் என்று தான் பயமுறுத்தியதற்கும் சேர்த்து பெல்ட்டை மாற்றிக் கொடுப்பதாகவும், சூடு தடுக்கத் தகடு ஒன்று முறையாகப் பொருத்திவிடுவதாகவும் சொன்னான். “பெரியம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல” என்று கதவைத் தட்டிவிட்டு பெல்ட் எடுக்கப் போனான்.

அவர் சற்றுத் தள்ளி நின்று இரண்டு பேருக்குப் போன் செய்தார். வண்டி வாங்குகிறவரிடம் வரவேண்டாம் என்றார். பெரியப்பா மகனிடம் வேலை வேண்டாம் என்றார். இரண்டாவது போனில் அவர் குரல் அவ்வளவு லேசாக இருந்ததைக் கேட்டு, அவருக்கும் போக மனமில்லாமல்தான் இருந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

திரும்பி வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, அவள் நகர்வதற்காக நின்றார். அவள் நகரவில்லை. கை இன்னும் ஸ்டியரிங் மேலேயே இருந்தது.

“என்ன, இறங்க மனசில்லையா?”

“கல்யாணமான புதுசுல ஓட்டத் தெரியுமான்னு கேட்டீங்க. தெரியாது, ஆனான்னு சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல விடல நீங்க.”

அவர் விழித்தார். “சரி, இப்ப சொல்லு.”

“ஆனா கத்துக்க ஆசை. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுங்க.”