கண்ணாடிப் படகு

“கதவைத் திறக்காதீங்க! ஆசிட்டு!”

தடயவியல் ஆய்வகத்துக்குள்ளிருந்து டெல்பின் கத்திய வேகத்தில் இடுக்கியில் இருந்த சோதனைக் குழாய் ஆடியது. ஆரஞ்சுப் புகை சுருண்டு எழுந்தது. உள்ளே கொதித்துக் கரைந்துகொண்டிருந்தது, கடலில் இறந்துபோன ரெனிஷின் தொடை எலும்பு மஜ்ஜை. மதியத்துக்குள் முடிவு வேண்டுமென்று இன்ஸ்பெக்டர் போன் மேல் போன் அடித்துவிட்டார்.

வாசலில் நின்றவள் ரெனிஷின் தாய் அந்தோணியம்மாள்.

“இங்கன ஓரமா இருந்துக்கிடுதேன் தாயி. வெரட்டிராத.”

விரட்ட மனம் வரவில்லை. விசைப்படகில் வலை இழுக்கும் கயிறு தெறித்து ரெனிஷின் தலையில் அடித்திருக்கிறது, கடலில் விழுந்துவிட்டான். அடித்த அடியிலேயே உயிர் போய்விட்டது, அதனால்தான் தேடாமல் திரும்பினோம் என்பது படகு டிரைவரின் வாக்குமூலம். சில நாள் கழித்துக் குலசேகரன்பட்டினத்தில் உடல் ஒதுங்கியது. விழும்போது உயிர் இருந்ததா? டயட்டம்களைத் தவிர அதற்கு வேறு சாட்சி இல்லை.

கண்ணுக்குத் தெரியாத பாசி அது. கண்ணாடி ஓட்டுக்குள் குடியிருக்கும். வட்டம், ஊசி, விசிறி என்று ஒரு வாளிக் கடல்நீரில் எத்தனையோ வகை. நாம் இழுக்கும் மூச்சில் ஒரு பங்கு அவை விட்டதுதான். மூழ்குகிறவனின் நுரையீரலுக்குள்ளும் அவை போகும். அங்கிருந்து, இதயம் துடித்தால்தான், மிகச் சின்னவை ரத்தத்தோடு ஓடி எலும்புக்குள் சேரும். ஆசிட் மஜ்ஜையைத் தின்னும், கண்ணாடியைத் தின்னாது.

“எம்புள்ள தண்ணியில கெடந்து தவிக்கலல்லா?”

“பாத்துத்தாம்மா சொல்லணும்.”

“படிச்ச புள்ளையளுக்கு வாயில நல்ல வார்த்தையே வராதோ? ஒடனே போயிட்டான்னு சொல்லேன், தாயி.”

குழாய் ஆறியதும் டெல்பின் அடியில் தங்கியதைக் கழுவி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கிக்குள் குனிந்தாள். வெறுமை. தகட்டை நகர்த்தினாள். வெறுமை. நெஞ்சில் ஒரு சின்ன ஆறுதல் தலைதூக்கியபோதே அது வந்து நின்றது. இரு முனையும் கூர்த்த, வரிவரியான கண்ணாடிப் படகு. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கூட்டமாக.

கழுவிய தண்ணீரிலிருந்து வந்திருக்கக் கூடாதா? அதையும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். சுத்தம். விபத்து நடந்த இடத்துக் கடல்நீரில் பார்த்தாள். அதே படகுகள்.

அவன் உயிரோடுதான் விழுந்திருக்கிறான். படகு திரும்பிப் போவதைக்கூடப் பார்த்திருப்பான்.

மேசையில் போன் அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர். டெல்பின் அதை எடுக்காமல் அந்தோணியம்மாளிடம் வந்து குந்தி உட்கார்ந்தாள். கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, மனசத் திடப்படுத்திக்கிடுங்க. அந்த டிரைவர் சொன்னது சரியில்ல. உள்ளதச் சொன்னாத்தான் ஒங்க புள்ளைக்கு நியாயம் கெடைக்கும்.”

“எந்தப் புள்ளைக்கு?”

டெல்பினுக்கு விளங்கவில்லை. போன் ஓய்ந்து மறுபடி அதிரத் தொடங்கியது. நுண்ணோக்கியின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் அந்தச் சின்னப் படகுகள் அசையாமல் கிடந்தன.

“அன்னைலயிருந்து சோறு தொடமாட்டேங்கான்,” என்றாள் அந்தோணியம்மாள். “கேட்டா, தம்பி அப்பமே போயிட்டாம்மா, அப்பமே போயிட்டாம்மான்னு அதையே சொல்லுதான். படகத் திருப்புன அந்த டிரைவரு ஜெரால்டு, என் மூத்தவன், தாயி.”