நீச்சல் குளத்துக்கு ஒரு மூடி

அந்தக் கோடையில் ஹோட்டல் அக்கா போட்ட டீ கூட உப்புக் கரித்தது. தீவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடலோரத்தில் மாடியும் கீழுமாக ஒரு சின்ன ஹோட்டல் அவளுடையது. உள்வேலை முழுக்க அவள் பொறுப்பு. வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வருவது அவள் தம்பி.

குளியலறைக் குழாய்களில் உப்பு வெள்ளையாகப் படிந்துகொண்டே வந்தது. சோப்பு நுரைக்க மறுத்தது. தலைக்குக் குளித்தவர்கள், முடி நார்நாராகப் போச்சென்று சண்டைக்கு வந்தார்கள்.

"போர் கிணத்தை இன்னும் ஆழமாப் போட்டுடலாம்க்கா. ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்" என்றான் தம்பி.

அவள் பதில் சொல்வதற்குள், துணி துவைக்கும் பெண் விரிப்பு மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள். ஹோட்டலுக்குப் பின்தெருதான் அவள் வீடு.

"போடுங்க, நல்லாப் போடுங்க. நீங்க குளத்துக்குத் தண்ணி விடுற அன்னைக்கெல்லாம் எங்க கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல. இன்னும் ஆழமாத் தோண்டினா நேரா கடலையே குடிக்க வேண்டியதுதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வெளியே போய் நீச்சல் குளத்தைப் பார்த்தாள். வெயில் குடிக்கக் குடிக்க, மோட்டார் நிலத்தடித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் கூப்பிடு தூரத்தில் கடல்! போய் மோட்டாரை நிறுத்தினாள்.

"இனி இதுல யாரும் நீந்த வேண்டாம். மேல மூடி போட்டு மழைத் தண்ணி பிடிக்கப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமாக்கா? இந்தக் குளத்தைப் படம் போட்டுத்தானே ஆள் வர்றாங்க!"

"படத்தை மாத்து."

விஷயம் காதுக்கு எட்டியதும் டிராவல் ஏஜென்ட் நேரில் வந்துவிட்டார். தீவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேரை எந்த ஹோட்டலில் இறக்குவது என்று முடிவு செய்பவர் அவர்தான். காலி செய்த குளத்தை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"குளம் இல்லாத ஹோட்டலுக்கு நான் ஒருத்தரையும் அனுப்ப மாட்டேம்மா."

"அனுப்பாதீங்க."

"அப்புறம் வருத்தப்படுவீங்க."

"வருத்தப்படத் தண்ணி வேணுமே சார். கண்ணீர் விடக்கூட இங்க சொட்டு இல்ல."

அவர் காரில் ஏறிய கையோடு தம்பியும் பெட்டியைக் கட்டினான். தீவின் மறுகோடியில் இருந்த பெரிய ஹோட்டலில் அவனுக்கு வேலை காத்திருந்தது. அவள் தடுக்கவில்லை. அவன் போன பிறகு அடுப்படியில் போய், உரிக்க வேண்டிய வெங்காயத்துக்கு மேல் நிறையவே உரித்தாள்.

ஆள் வரத்து நின்றது. மாடியைப் பூட்டினாள். சமையல்காரர் கையைப் பிசைந்தார்.

"யாருக்கும்மா சமைக்கிறது?"

"நமக்குத்தான். வயிறு இல்லையா நமக்கு?"

கூரை விளிம்பு நெடுகத் மழைத் தண்ணீர் ஓடத் தகர வாய்க்கால் அடித்து, அதிலிருந்து குழாயை இறக்கிக் குளத்தில் விட்டாள். குளத்துக்கு மேல் தகர மூடி, இடுக்குகளில் கொசுவலை. போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் பெருமழையிலேயே குழாய் மூட்டு பிய்த்துக்கொண்டு தண்ணீர் வாசலில் பாய்ந்தது. அவளும் சமையல்காரரும் துணி துவைக்கும் பெண்ணும் ஓடிப்போய்த் தோள் கொடுத்துக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி நின்றார்கள். "எனக்கு இந்த வேலைக்கா சம்பளம்?" என்று சமையல்காரர் கத்த, மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் குளம் விளிம்பு தொட்டது.

அடுத்த கோடை இன்னும் மோசம். ஹோட்டல் அக்கா போரை மறந்தே போயிருந்ததால் பின்தெருக் கிணறுகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. மறுகோடியில் பெரிய ஹோட்டலின் குழாய்களில் வெறும் காற்றுதான் வந்தது. டிராவல் ஏஜென்ட் போனில் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"அம்மா, கொஞ்சம் பேரை உங்ககிட்ட அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. ஆனா குளிக்க வாளியும் குவளையும்தான். விரிப்பு தினமும் மாத்த மாட்டேன். முகம் சுளிக்கிறவங்க அங்கேயே இருக்கட்டும். இதை வேன்ல ஏத்தும்போதே சொல்லிடுங்க."

"குளம் மட்டும் இருந்திருந்தா…"

"குளம் இருக்கு சார். அதனாலதான் நீங்க போன் பண்றீங்க."

மாலையில் வேன் வந்தது. வியர்த்து விறுவிறுத்த கூட்டம் இறங்கியது. கடைசியாக, இரண்டு கையிலும் பிறத்தியார் பெட்டிகளோடு தம்பி இறங்கினான். அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளை வைத்தான்.

"நானும் இங்கயே இருந்துடட்டுமாக்கா?"

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்துக்கே வழி விட்டாள்.

"இரு. போருன்னு ஒரு வார்த்தை உன் வாயில வந்தா அடுத்த வேன்ல ஏத்தி விட்டுடுவேன். மாடிக் கூரைத் தகர வாய்க்கால்ல இலை அடைச்சுக் கிடக்கு. சட்டையை மாத்திக்கிட்டு ஏறு."