நீலப் புள்ளி வைத்த மூன்று தட்டுகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை ‘மண்ணாங்கட்டி டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றோடு ஒரு வருடமாக மாரடித்துக்கொண்டிருந்தாள். மண்ணிலிருந்து எடுத்த புதிதில், அது ஒரு மருந்தைக் கசியவிட்டுப் பக்கத்திலிருந்த கிருமிகளைக் கொன்று, தன்னைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு வளையம் போட்டது. அதற்கப்புறம் கல்லுளிமங்கன் மாதிரி ஒரு சொட்டு மருந்துகூட விடவில்லை. இன்றும் வளையம் இல்லையென்றால் வேலையை மூடிவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார் இயக்குநர்.

அவளும் வாராவாரம் தீனியைக் கூட்டித்தான் பார்த்தாள். முக்கியமாக அம்மோனியம் உப்பை. அதிலிருக்கும் நைட்ரஜனில் பாக்டீரியா கொழுகொழுவென்று வளரும். தட்டுகளில் தீனி காய்ச்சி ஊற்றுவது அவளுடைய அண்ணன் மனைவி. வீட்டிலும் அண்ணி கைச் சமையல், இங்கேயும் அண்ணி கைச் சமையல்.

பத்து நாளாகப் பாக்டீரியாவை வளரவிட்டு, நேற்று அதைச் சுற்றிக் கிருமி ஊற்றிவைத்த பன்னிரண்டு தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கினாள். ஒன்பதிலும் பாக்டீரியா புசுபுசுவென்று உட்கார்ந்திருந்தது. வளையத்தைக் காணோம். பத்தாவதில் இளைத்துப்போன ஒரு பொட்டு, சுற்றிலும் பளிச்சென்று வளையம்! அடுத்த இரண்டிலும் அப்படியே. மூன்று மூடியிலும் நீலப் புள்ளி.

“அண்ணீ! இந்தப் புள்ளி யாரு வச்சது?”

அண்ணி கதவோரம் நின்றாள். “நான்தான். திட்டாதே. உப்பு டப்பா காலி. வாராவாரம் ரெண்டு மடங்கு போடச் சொன்னா, அது டப்பாவா கிணறா? கடைசி மூணுல உப்பே போடலை. நீ வேற அழுதுட்டிருந்தே, எப்படிச் சொல்றது?”

“பத்து நாளா மறைச்சீங்களா?”

“அதுக்குத்தான் வீட்ல உன் தட்டுல ஒரு கரண்டி கூடப் போட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நைட்ரஜன் கிடைக்கிற வரைக்கும் தின்னு தின்னு வளருது அண்ணி. அது குறைஞ்சாத்தான் பக்கத்துல இருக்கிறவனை விரட்ட மருந்து விடுது. நானே ஊட்டி ஊட்டிக் கெடுத்திருக்கேன்!”

“உங்க அண்ணனும் இதே ஜாதிதான். வயிறு நிறைஞ்சா சோபாவை விட்டு அசைய மாட்டாரு.”

இயக்குநர் வந்தார். உப்பில்லாத தட்டுகள் என்று அவள் காட்ட, மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இன்னும் ஆறு மாசம் எடுத்துக்கோங்க. உப்பைக் குறைக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?”

“எங்க அண்ணிக்கு, சார்.”

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. “அப்போ இனிமே டப்பாவே வாங்க வேண்டாமா சார்?”

“வாங்கணும்மா. உப்பு போட்டு முப்பது தட்டு, போடாம முப்பது தட்டு. ஒப்பிட்டுப் பார்க்கணுமே!”

“அறுபதா!” அண்ணி, இயக்குநர் நிற்பதையும் மறந்து நாத்தனாரின் காதைத் திருகினாள். “வாடி, பாத்திரமாவது கழுவு.”