குறுக்கே யாரும் படிக்கவில்லை

பதிப்பகத்தில் அவருக்குத் தலைகீழ் என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. யாராக இருந்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். அவர் ஆங்கிலப் பிழை திருத்துபவர். தாள் கைக்கு வந்ததும் கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லுக்கு ஏறுவார். மேலிருந்து படித்தால் அர்த்தம் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து கண்ணில் படாது என்பது அவருடைய கட்சி. பதினாறு வருஷம் இப்படி ஏறி ஏறி, ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்களுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது என்ற நிலைக்கு வந்துவிட்டார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை. "டாக்டருக்கு நோயாளியோட குடும்பக் கதை எதுக்கு? நாடி தெரிஞ்சாப் போதும்" என்பார்.

எதிர் மேஜையில் ஒற்று மேடம். தமிழ்ப் பிழை திருத்துபவர். க், ச், த், ப் எங்கே வரும், எங்கே வராது என்பதில் அவரிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. முதலாளி எழுதி ஒட்டிய விடுமுறை அறிவிப்பைச் சுவரிலேயே வைத்துச் சிவப்பு மையால் திருத்தியவர். ஆங்கிலம் அவருக்குக் கடைப் பலகை படிக்கிற அளவுக்குத்தான்.

போன வருஷம் முழுக்க இரண்டு பேருக்கும் ஒரே வேலை. வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி. நாலாயிரம் சொற்கள். தொகுத்தவர் வெளியூரில் இருந்துகொண்டு தபாலில் தாள் தாளாக அனுப்பினார். முதலாளி முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்.

"அவங்கவங்க தெரிஞ்சதை மட்டும் பாருங்க. தெரியாததுல மூக்கை நுழைச்சா ரெண்டும் கெட்டுடும்."

ஆகவே ஆங்கிலச் சொற்கள் தனித் தாளில் தலைகீழிடம் போயின. தமிழ்ப் பொருள்கள் தனித் தாளில் ஒற்று மேடத்திடம் போயின. அவர் கீழிருந்து மேலே ஏறினார். இவர் மேலிருந்து கீழே இறங்கினார். பக்கத்து அறைக் கணினிக்காரர் இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். கடைசிச் சொல்லான 'ஜவுண்ட்ஸ்' மட்டும் பொருள் இல்லாமல் தனியாக நின்றது. கணினிக்காரர் இரக்கப்பட்டு அதற்கு எதிரே 'மேலே காண்க' என்று அடித்துவிட்டார். புத்தகம் அச்சாகி, கட்டி, கடைகளுக்கும் போய்விட்டது. வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் முதலாளி ஒரு பிரதி கொடுத்தார்.

பதினொரு மாதம் ஒருத்தி எதிரே உட்கார்ந்து 'ப்' போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனுஷனுக்கும் ஏதாவது ஆகும். நாற்பத்தோரு வயதுத் தலைகீழுக்கும் ஆனது. ஆனதைச் சொல்லத்தான் வழி தெரியவில்லை. வாயால் சொல்லலாம் என்றால் அறையில் ஐந்து பேர், பத்துக் காது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம் என்றால், சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் 'மீண்டும் அனுப்புக' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம். அப்போதுதான் அந்த அகராதி கண்ணில் பட்டது. ஒரே ஒரு சொல். அறையில் வேறு யாருக்கும் விளங்காது. மேடத்திடம் புத்தகம் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்.

இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து தேடினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழ்ப் பத்தியில் தொடங்கி ஆங்கிலத்துக்கு வந்தார். 'செல்லம், அன்பாய் அழைக்கும் சொல்' என்ற வரிக்கு எதிரே மூன்காஃப் என்று இருந்தது. அதில் நிலா வேறு இருக்கிறதே என்று மனசு குளிர்ந்துபோனார். துண்டுத் தாளில் அந்த ஒரு சொல்லை எழுதி ஒற்று மேடத்தின் தாள்கட்டுக்குள் செருகினார். அன்று முழுக்கக் கீழிருந்து மேலே ஏறியவர் பாதி வழியிலேயே நின்று நின்று ஏறினார்.

மறுநாள் அவருடைய தாள்கட்டில் ஒரு துண்டு இருந்தது: மாப்ஸி. புத்தகத்தைப் புரட்டினார். 'தவறு என்று தெரிந்தும் விடாப்பிடியாக அதையே செய்பவர்' என்றிருந்தது. அவருக்கு வியர்த்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒற்று மேடம் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் உதட்டின் ஒரு ஓரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அந்த ஓரத்தை நம்பி ஒரு வாரம் கழித்து அவர் பெரிய கேள்வியைக் கேட்டார். 'துணைவி, இல்லற வாழ்வில் உடனிருந்து உதவுபவள்' என்பதற்கு எதிரே ஹெட்ஜ்பிக் என்றிருந்தது. கடைசியில் பன்றி இருக்கிறதே என்று ஒரு கணம் தயங்கத்தான் செய்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் பன்றியைக் கேவலமாக நினைத்திருக்க மாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக் கொடுத்தார்.

பதில் மத்தியானமே வந்துவிட்டது: லிக்ஸ்பிட்டில். பொருள்: 'மனமுவந்து, முழு விருப்பத்தோடு.' முந்தின துண்டைப் போலவே இதையும், அறையில் வேறு யார் கையிலும் சிக்கக் கூடாதென்று, படித்ததும் மேடத்தின் தாள்கட்டுக்கே திருப்பிச் செருகிவிட்டார்.

அதற்கப்புறம் பேச்சுக்கு வேலையே இருக்கவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது ஒற்று மேடம், "ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன்கிட்ட வந்து பேசுங்க. அவர் சரின்னாத்தான். எனக்கு வேற யாரும் இல்ல" என்றார். தலைகீழ் தலையாட்டினார். எத்தனை மணிக்கு என்று கேட்கவும் மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், அண்ணனே பதிப்பகத்துக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். சட்டைப் பையில் நாலு துண்டுத் தாள். முகத்தில் பரீட்சைத் தாள் கட்டைத் திருத்தி முடித்த களை.

"இங்க தலைகீழ்னு ஒருத்தர் இருக்காராமே?"

"நான்தான் சார்" என்று எழுந்தார் தலைகீழ். சாப்பாட்டுக் கையோடுதான் எழுந்தார்.

"உட்காருங்க சார், உட்காருங்க. எழுந்து நிக்கிற மரியாதை தாள்ல காணோமே." அண்ணன் துண்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தார். "வீட்டுல என் தங்கச்சி பையிலேர்ந்து விழுந்துச்சு. என்னடா இந்தக் காலத்துல இப்படி ஒரு இங்கிலீஷ்னு பள்ளிக்கூடத்துப் பெரிய அகராதியில பார்த்தேன். பொண்ணு கேட்டு வரப்போற மனுஷன், என் தங்கச்சிக்கு முதல்ல எழுதினது என்ன தெரியுமா? பிறவி முட்டாள்."

"ஐயோ!" என்றார் ஒற்று மேடம். "செல்லம்னுண்ணா அதுக்கு அர்த்தம்!"

"செல்லம்னு நீதான் அவருக்கு எழுதியிருக்க. அவர் உன்னை முட்டாள்ங்கிறார், நீ அவரைச் செல்லம்ங்கிற. உனக்குச் சுரணையே கிடையாதா?"

"நான் எங்கண்ணா செல்லம்னு எழுதினேன்? தப்புன்னு தெரிஞ்சும் பண்றீங்களேன்னுல்ல எழுதினேன்!"

தலைகீழுக்குத் தலை நிஜமாகவே சுற்றியது. பிறவி முட்டாள் யார், செல்லம் யார், எதை யார் யாருக்கு எழுதியது என்று விரல் மடக்கிப் பார்த்தார். விரல் போதவில்லை.

"இன்னும் இருக்கு சார்" என்றார் அண்ணன். "மூணாவது தாள். கேள்விக்குறியோட. முள்ளெலி? அதாவது, என் தங்கச்சியைப் பார்த்து, முள்ளெலியான்னு கேட்டிருக்கீங்க."

"துணைவின்னு சார்..." என்று இழுத்தார் தலைகீழ்.

"அதுக்கு இவ பதில். எச்சிலை நக்கிப் பிழைக்கிறவன்." அண்ணன் நாலாவது துண்டைத் தள்ளினார். "இதுக்கப்புறமும் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு விளங்கணும். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறீங்களா, இல்ல என்னைப் பைத்தியமாக்குறீங்களா?"

ஒற்று மேடம் இழுப்பறையைத் திறந்து அகராதியை எடுத்து, பக்கத்தைப் பிரித்து அண்ணன் முன்னால் போட்டார். "நீங்களே பாருங்க. அச்சுல இருக்கு."

அண்ணன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். ஒரு விரலை ஆங்கிலச் சொல்லின் மேல் வைத்து, அப்படியே குறுக்கே நகர்த்தித் தமிழுக்குக் கொண்டுபோனார். பிறகு அடுத்த வரி. பிறகு அதற்கடுத்த வரி. அந்த அறையில் அந்த அகராதியை அப்படிக் குறுக்கே படித்த முதல் மனுஷன் அவர்தான்.

"இதுக்கு எதிர்ல இருக்கிற அர்த்தம் ஒரு வரி கீழ வர வேண்டியதாச்சே" என்றார் மெல்ல. "இதுக்குரியது மேல இருக்கு. எல்லாமே ஒரு படி ஏறி உட்கார்ந்திருக்கு. யார் இதைப் பிழை பார்த்தது?"

பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த கணினிக்காரர் தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கதவைச் சாத்தினார்.

"வாத்தியாரே, மெதுவாப் பேசுங்க. புத்தகம் கடைக்குப் போயாச்சு. செத்துப்போன வார்த்தைங்க. எந்த மனுஷன் தேடப் போறான்?"

"நான் தேடினேனே."

"நீங்க ஒருத்தர். இவங்க ரெண்டு பேர். ஆக மொத்தம் மூணு பேர்" என்றார் முதலாளி. "என்னய்யா தலைகீழ், பேசாம விட்டுடுவோம். வெளிய சொன்னா உனக்கும் இந்தம்மாவுக்கும்தான் பேர் கெடும். சொல்லலேன்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல."

சொன்னால் வேலை போகலாம். வேலை போனவனுக்கு எந்த அண்ணன் பெண் கொடுப்பான்? சொல்லாமல் விட்டால், தப்பைத் தெரிந்தே மூடி மறைத்தவனுக்கு இந்த அண்ணன் பெண் கொடுப்பாரா? தலைகீழ் ஒற்று மேடத்தைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார்.

"திருத்தப் பட்டியல் ஒண்ணு போட்டு எல்லாக் கடைக்கும் அனுப்பணும் சார்" என்றார் தலைகீழ். "எங்க ஆரம்பிச்சுதுன்னு முதல்ல பார்க்கணும்."

முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப பட்டியல் முடிஞ்சதும் என் ரூமுக்கு வா. அதுக்கப்புறம் நீ இருக்கிறதா போறதான்னு முடிவு பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டுக் கதவை ஓசையோடு திறந்துகொண்டு போனார்.

மூன்று பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தார்கள். தலைகீழ் ஆங்கிலச் சொல்லைப் படித்தார். ஒற்று மேடம் எதிரே இருக்கும் தமிழைப் படித்தார். அண்ணன் சரி, தப்பு என்றார். பின்னாலிருந்து தப்பு, தப்பு, தப்பு என்றே வந்தது. தலைகீழுக்கு மேலே ஏறுவது கைவந்த கலை என்பதால் வேலை வேகமாக நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணன் திடீரென்று "சரி" என்றார். அதற்கு முந்தின சொல்லும் சரி. அதற்கு முந்தினதும் சரி.

இடம் கிடைத்துவிட்டது. கான்கூஸ்லர் என்று ஒரு சொல். 'வாய்க்காலில் படகு போவதை வேலையில்லாமல் நின்று வேடிக்கை பார்ப்பவர்' என்று பொருளாம். சொல் மட்டும் இருந்தது, அதன் பொருளைக் காணோம்; அந்த இடத்தில் அடுத்த சொல்லின் பொருள் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒற்று மேடம் பழைய தாள்கட்டைக் கொண்டுவந்து தேடி எடுத்தார். அந்த வரியின் ஓரத்தில் தொகுத்தவர் கையெழுத்தில் 'நீக்குக' என்றிருந்தது.

"நீக்கச் சொன்னார், நீக்கினேன்" என்றார். "அந்தப் பக்கமும் நீங்கியிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க. கேக்கல. என் தப்புதாண்ணா."

"இல்ல சார்" என்று குறுக்கே பாய்ந்தார் தலைகீழ். "தொகுத்தவர் என் தாள்ல எழுத மறந்துட்டார், அது வேற விஷயம். ஆனா ஒட்டி முடிச்ச தாள்ல கடைசியில ஜவுண்ட்ஸுக்கு எதிர்ல 'மேலே காண்க'ன்னு இருந்ததை நான் பார்த்தேன். என்னடா இதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். தமிழ்ப் பக்கம் நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். என் தப்பு."

"அது பெரிய தப்பில்ல" என்றார் ஒற்று மேடம். "ஆரம்பிச்சது நான்தான்."

"முடிச்சு வெச்சது நான்தானே."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றார் அண்ணன். "எனக்குத் தலை வலிக்குது. முப்பது வருஷமாப் பரீட்சை ஹால்ல நிக்கிறேன். அவன் பார்த்து எழுதினான், இவன் பார்த்து எழுதினான்னுதான் கேட்டிருக்கேன். என் தப்பு, என் தப்புன்னு ரெண்டு பேர் அடிச்சுக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன்." நாலு துண்டுகளையும் எடுத்தார், கிழிப்பவர்போல் பிடித்தார், பிறகு என்ன நினைத்தாரோ தங்கையிடமே கொடுத்துவிட்டார். "இதுல எது திட்டு, எது கொஞ்சல்னு எனக்கு இன்னும் புரியல. நீயே பார்த்துக்க" என்று எழுந்து, ஜன்னல் பக்கம் போய், தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைகீழ் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கடைசிச் சொல். அதுக்கு நீங்க நினைச்ச அர்த்தம்..."

"புத்தகத்துல போட்டிருக்கே."

"திருத்தினதுக்கு முன்னாடி போட்டிருக்கிறதா, பின்னாடியா?"

ஒற்று மேடம் திருத்தப் பட்டியலின் முதல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காது வரை சிவந்திருந்தது.

"முதலாளி ரூமுக்குப் போறப்ப நானும் வரேன். போனா ரெண்டு பேர் வேலையும் போகட்டும்" என்றார். "அப்புறம், அண்ணன் கிளம்புறதுக்குள்ள, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரீங்கன்னு அவர்கிட்டச் சொல்லுங்க. அவருக்கு நேரம் தவறினாப் பிடிக்காது."

தலைகீழ் எழுந்தார். இது பதிலா, இல்லை கேள்வியைத் தள்ளிவிட்டாரா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனாலும் ஜன்னல் வரை போனார். "பத்து மணிக்கு வரட்டுமா சார்?" என்று கேட்டார்.

அண்ணன் திரும்பவில்லை. "ஒன்பதரைக்கு வாங்க" என்றார். "எழுதி மட்டும் எதுவும் கொண்டுவராதீங்க."