வாய் திறக்காத சம்மனசு

புனித ரோக்கு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வருகை எடுத்து முடித்ததும் அவர்களுடைய காவல் சம்மனசுகளுக்கும் வருகை எடுப்பார்கள். ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து கூடவே நடக்கிற தேவதூதர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வராமல் போவாரா? ஆகவே பிள்ளைகள் பெஞ்சில் தங்களுக்குரிய இடத்தில் பாதியில்தான் உட்கார வேண்டும். மற்றப் பாதி சம்மனசுக்கு. அவற்றுக்குச் சீருடை கட்டாயமில்லை. நகம் வெட்டியிருக்க வேண்டும், பின்பெஞ்சுக்குக் கரும்பலகை மறைக்காதபடி சிறகை மடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். சம்மனசுக்குப் பெயர் வைக்கத் திருச்சபையில் அனுமதி இல்லாததால் 'அமலோற்பவத்துடையது', 'கிளாரன்சுடையது' என்றுதான் கூப்பிடுவது.

மூன்றாம் வகுப்பில் ஹாஜா முகைதீனுக்கு மட்டும் இரண்டு. அவை தோளுக்கு ஒன்றாக உட்கார்ந்து அவனுடைய நன்மை தீமைகளை எழுதிக்கொண்டே இருக்கும். பெஞ்சில் இடம் கேட்பதில்லை என்பதால் வகுப்பாசிரியை மெட்டில்டா டீச்சருக்கு அவற்றின்மேல் தனி மரியாதை. முத்துமாலையை அவள் வீட்டுச் சுடலைமாடன் வாசல்வரை கொண்டுவிட்டுப் போவார். சுருட்டோடு உள்ளே வரவேண்டாம் என்று தலைமையாசிரியை மதர் கன்சோலாத்தா ஒரு தடவை சொன்னார். சுடலைமாடனும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று ஜெசிந்தா தன் இடம் முழுவதையும் அடைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, தள்ளி உக்காரு. சம்மனசுக்கு இடம் எங்க?" என்றார் மெட்டில்டா டீச்சர்.

"அது தரையில இருந்துக்கிடும் டீச்சர்."

"அது சொல்லிச்சா?"

"சொல்லல. இருக்கு, பாருங்க."

டீச்சர் எட்டிப் பார்த்தார். ஜெசிந்தாவுடையது சிமெண்டுத் தரையில் சப்பணம் போட்டு அமர்ந்து அவளுடைய பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தது. சீவல் கீழே சிதறாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டது. சட்டத்துக்குப் புறம்பாக அதில் எதுவும் இல்லாததால் டீச்சர் தமிழ்ப் பாடத்தைத் தொடங்கினார்.

மூன்றாம் வகுப்புக்கு மட்டும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நீதிபோதனை. அதற்குப் புத்தகம் கிடையாது. சம்மனசுகள் ஒவ்வொன்றாக எழுந்து, அந்த வாரம் தன் பிள்ளை செய்த குற்றங்களைச் சொல்ல வேண்டும். குற்றத்துக்குத் தக்கபடி குட்டோ முழங்காலோ கிடைக்கும். பிள்ளைகள் தாங்களாகச் சொல்வது செல்லாது. பிள்ளை பொய் சொல்லும், சம்மனசு சொல்லாது. அதனால் சம்மனசு வாயால் வராத குற்றத்துக்குத் தண்டனையும் இல்லை. இதுதான் அந்தப் பள்ளியின் விதி. அதை யாரும் மீறியதில்லை.

அமலோற்பவத்துடையது இதில் கெட்டி. அவள் செய்ததைச் சொல்லிவிட்டு, செய்ய நினைத்ததையும் சொல்லும். வெள்ளிதோறும் முழங்கால் போட்டுப் போட்டு அமலோற்பவத்துக்கு முட்டியில் தோல் காய்த்துப்போய்விட்டது. கிளாரன்சுடையதுக்குக் கொஞ்சம் திக்கும். ஆனாலும் ஒன்றையும் விடாது.

ஜெசிந்தாவுடையது தன் முறை வந்ததும் எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற பூவரச மரத்தைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

ஜெசிந்தா ஒன்றும் தங்கமான பிள்ளை இல்லை. அந்த வாரம் மட்டும் அவள் கன்னியர் மடத்துச் சமையலறை ஜன்னல் வழியாகக் கையை விட்டு, நற்கருணை அப்பம் வெட்டியதுபோக மிஞ்சிய ஓரத் துண்டுகளை டப்பாவோடு எடுத்திருந்தாள். மதருடைய குடைக்குள் சாக்குக்கட்டித் தூளைக் கொட்டி மடித்து வைத்திருந்தாள். மழை பெய்த அன்று மதர் குடையை விரித்துக்கொண்டு பங்குக் கோயிலுக்குப் போய், மாவில் புரட்டின மீன்போலத் திரும்பி வந்தார். செய்தது யாரென்று பள்ளிக்கூடம் முழுவதுக்கும் தெரியும். சம்மனசு சொல்லவில்லை, ஆகவே அது நடக்கவில்லை.

"ஒன் சம்மனசுக்கு வாய் இருக்கா இல்லியாட்டி?" என்றார் டீச்சர்.

"இருக்கு டீச்சர். நல்லாப் பாடும்."

அவளுடைய சம்மனசுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் அது வாயையே திறக்கவில்லை.

சம்மனசுகளும் எழுத வேண்டிய காலாண்டுத் தேர்வில் அது கணக்கில் தேறியது, தமிழில் தேறியது, ஞானோபதேசத்தில் நூற்றுக்கு நூறு. குற்றம் சொல்லாததால் நன்னடத்தையில் சுழியம். அரையாண்டிலும் சுழியம். கிறிஸ்துமஸ் குடில் கட்டியபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சம்மனசுகளைக் கூரைமேல் நிற்க வைத்தார்கள். ஜெசிந்தாவுடையதைக் கீழே வைக்கோல் பரப்பச் சொன்னார்கள். அது வைக்கோலைப் பரப்பி, கழுதைப் பொம்மையின் ஒடிந்த காதைப் பசை வைத்து ஒட்டிவிட்டு வந்தது. காதை ஒடித்தது ஜெசிந்தா.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் மதர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மதர் நாற்காலியின் பாதியில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது.

"நீ நாலாம் வகுப்புக்குப் போவே. ஒன் சம்மனசு போவாது. மூணுலயே இருந்து படிக்கட்டும்," என்றார்.

"அப்ப எனக்கு?"

"ஒனக்கு வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

உரியவர் இறந்ததும் அவரை மோட்ச வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பிவந்த சம்மனசுகள் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்திருப்பது வழக்கம். மதர் பார்த்து வைத்தது காலஞ்சென்ற உபதேசியார் சவரிமுத்துவுடையது. நல்ல அனுபவம் உள்ளது. ஜெசிந்தா சாயங்காலம் அதைப் பார்க்கப் போனாள். அவள் தெரு திரும்பும்போதே, "செருப்பை இடம் மாற்றிப் போட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டிவிட்டு வருகிறாள்" என்று அது சுவரில் இருந்தபடியே உரக்க அறிவித்தது. ஜெசிந்தா நின்ற இடத்திலேயே திரும்பி நடந்தாள். அவளுடையது பேசாமல் அவள் செருப்பைச் சரியாக மாற்றி மாட்டிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, தன் சம்மனசு எழுவதற்குமுன் அவளே எழுந்தாள்.

"டீச்சர், அப்பத் துண்ட எடுத்தது நான். கொடையில சாக்குத்தூள் போட்டது நான். கழுத காத ஒடிச்சது நான். கிளாரன்சு டிபன்ல தவளைய வச்சதும் நான்தான்."

"நீயாட்டி அது!" என்றான் கிளாரன்ஸ்.

"சொந்த வாயால சொன்னா செல்லாது. உக்காரு," என்றார் டீச்சர்.

"அடியாவது அடிங்க டீச்சர்."

"குத்தமே இல்லாத பிள்ளைய எப்படி அடிக்க? உக்காருட்டி."

இனி ஒரே வழி தானும் தோற்பதுதான் என்று ஜெசிந்தா முடிவு செய்தாள். முழுஆண்டுத் தேர்வு வந்தது. நமது தேசியப் பறவை எது என்ற கேள்விக்குக் 'கோழி' என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த அவளுடையது அதை அழித்து 'மயில்' என்று எழுதியது. ஏழும் எட்டும் எவ்வளவு என்றதற்கு 'தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்' என்று எழுதினாள். அது அழித்துப் பதினைந்து என்று போட்டது. அவள் ரப்பரைப் பிடுங்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அது விரல் நுனியால் அழித்தது. அவள் அதன் கையைத் தட்டிவிட்டாள். அது மறுகையால் எழுதியது. சத்தமே இல்லாமல் நடந்த அந்தச் சண்டைதான் அவர்கள் இருவரும் போட்ட முதல் சண்டை. மணி அடித்தபோது ஜெசிந்தா அழுதுகொண்டிருந்தாள். விடைத்தாளில் எல்லாம் சரியாக இருந்தது.

முடிவு சொல்லும் நாளில் பள்ளி ஆய்வாளர் பரமசிவமும் வந்திருந்தார். மதர் தம் நாற்காலியின் பாதியில் அமர்ந்து வாசித்தார். தேறியது அமலோற்பவம், தேறியது அமலோற்பவத்துடையது. தேறியது கிளாரன்ஸ், தேறியது கிளாரன்சுடையது. தேறியது ஜெசிந்தா.

"தேறாதது, ஜெசிந்தாவுடையது."

தேறியவர்கள் எழுந்து நாலாம் வகுப்புப் பக்கம் போக வேண்டும். ஜெசிந்தா எழவில்லை. அவளுடையது அவள் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளியது. அவள் பெஞ்சின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"அது எங்க இருக்கோ நானும் அங்கதான்," என்றாள்.

"தேறின பிள்ளைய மூணுல வைக்க முடியாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் மதர்.

"எல்லாருக்குமா மதர்?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப ஒங்களுதும் எந்திரிச்சிச் சொல்லட்டும்."

மெட்டில்டா டீச்சர் தம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஆய்வாளர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ள கேக்கதும் நியாயந்தானே மதர்? இந்தக் கூரைக்குக் கீழ இருக்கதெல்லாம் கணக்குல வரணும்லா?"

மதர் கன்சோலாத்தா எதற்கும் பின்வாங்குகிறவர் இல்லை. பக்கத்தில் திரும்பி, "எந்திரி," என்றார்.

மதருடையது எழுந்தது. அதற்கும் மூட்டுவலி. நாற்காலிக் கையைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. சிறகின் ஓரத்தில் நாட்பட்ட மைக்கறை. வகுப்பை ஒரு தடவை பார்த்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தைப் பார்த்தது.

"சொல்லு," என்றார் மதர்.

அது மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது.

"நான் மறைக்கச் சொல்லல. எல்லாத்தையும் சொல்லு."

அமலோற்பவத்துடையது கையைத் தூக்கி, "எனக்குக் கொஞ்சம் தெரியும், நான் சொல்லட்டுமா?" என்று கேட்டது.

"கைய எறக்கு," என்றார் மெட்டில்டா டீச்சர்.

மதருடையது அந்தக் காலத்தில் மூன்றாம் வகுப்பில் எப்படித் தேறியது என்பதை மதரே விளக்கினார். அவரும் அதே பள்ளியில் படித்தவர்தான். அந்த வருஷப் புயலில் கூரை போய்விட்டது. வாரத்துக்கு நான்கு நாள்தான் பள்ளி. வெள்ளிக்கிழமைகளே நடக்கவில்லை. அடுத்த வகுப்புகளில் யாரும் பழையதைக் கிளறவில்லை.

மெட்டில்டா டீச்சர் தொண்டையைச் செருமினார். "விதிப்படி இதும் மூணுலதான் இருக்கணும் மதர். உபதேசியாருடையது சும்மாதான சுவர்ல இருக்கு. நீங்க அதை எடுத்துக்கிடுங்க."

"வேற ஒண்ணா? எனக்கா?"

மதர் எழுந்து நின்றார். அவர் முழு உயரத்துக்கு நிமிர்ந்து ஜெசிந்தா பார்த்ததில்லை.

"மடத்துல சேந்த முதல் மாசம் ஓடிப்போறதுக்கு மூட்ட கட்டுனேன். முடிச்சுப் போட இதுதான் கை கொடுத்திச்சு. வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பிவந்தேன். முடிச்ச அவுக்கவும் இதுதான் கை கொடுத்திச்சு. இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல. இத விட்டுட்டு அந்தக் கெழட்டு ஒலிபெருக்கிய எடுக்கச் சொல்லுதியா மெட்டில்டா?"

சொந்த வாயால் சொன்னது செல்லாது என்பதால் மெட்டில்டா டீச்சர் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"முடியாது. இது எங்க இருக்கோ நானும் அங்கதான்," என்றார் மதர். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா பெஞ்சுக் காலை விடாமலே அவரைப் பார்த்தாள். "அவளையும் மூணுலயே விடுங்க. அது நான் மதரா போடுற கடைசி உத்தரவு."

"மூணாம் வகுப்புல ரெண்டு பேரு கூடுனா பள்ளிக்கூடத்துக்கு நல்லதுதான்," என்றார் ஆய்வாளர். காப்பியைக் குடித்து முடித்தார்.

ஜூன் மாதம் மதர் கன்சோலாத்தா நீலப் பாவாடையும் இரட்டைச் சடைக்கு ரிப்பனுமாக மூன்றாம் வகுப்புக்கு வந்தார். ஜெசிந்தாவின் பக்கத்தில் இடம் போட்டிருந்தார்கள். முழங்கால் பெஞ்சுக்குள் நுழையாததால் முதல் வாரம் வெளியே நீட்டி வைத்துக்கொண்டார். இரண்டு சம்மனசுகளும் தரையில் உட்கார்ந்து மாறி மாறிப் பென்சில் சீவின. தலைமைப் பொறுப்பையும் மெட்டில்டா டீச்சரே பார்த்துக்கொண்டார். அப்பத் துண்டு டப்பாவை மடத்தில் இப்போது எந்த அலமாரியில் வைக்கிறார்கள் என்பதும், சாவி எந்தப் புனிதரின் சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிறது என்பதும் மதருக்குத் தெரிந்திருந்தது. ஜூலைக்குள் வகுப்பு முழுவதுக்கும் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் முதலில் ஜெசிந்தாவுடையதும் மதருடையதும் மட்டும் பூவரச மரத்தைப் பார்த்தன. பிறகு அந்தப் பெஞ்சு முழுவதும். பிறகு பின்பெஞ்சு. மெட்டில்டா டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஒவ்வொன்றாக எழுந்து, மரத்தைப் பார்த்து, உட்காரும். மணி அடிக்கும்.

ஆகஸ்டில், மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின வாரம், மதருக்கு முன்பல் ஒன்று ஆடியது. வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோதே ஜெசிந்தா அதில் நூல் கட்டினாள்.

"கண்ண மூடிக்கிடுங்க மதர்."

"மெதுவாட்டி."

ஒரே இழுப்பு. பல்லை ஜன்னல் வழியாக ஓட்டின்மேல் எறிந்தாள். வகுப்பு நேரத்தில் பல் பிடுங்கியது யார் என்று அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் கேட்டார். சம்மனசுகள் மரத்தைப் பார்த்தன.

திங்களன்று மதர் வாயைத் திறந்து டீச்சரிடம் காட்டினார். பல் இருந்த இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு பால்பல் எட்டிப் பார்த்தது.

"சரி, போய் உக்காரு. எட்டாம் வாய்ப்பாடு, எல்லாரும் சேந்து சொல்லுங்க," என்றார் மெட்டில்டா டீச்சர்.